என் பெயருக்கு மேல் அவர் பெயர்

ஆள் ஒல்லி, உயரம். எங்கே எது கலைந்து கிடந்தாலும் ஒழுங்குபடுத்தாமல் நகரமாட்டார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். நான் மட்டும் அண்ணா என்பேன். மற்றவர்கள் எழுதிய கணினி நிரலைக்கூட விடமாட்டார். வரிகள் கோணலாக நின்றால் இடைவெளி விட்டு நேராக்குவார். யார் கேட்டார்கள் இவரை? அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

எங்கள் மென்பொருள் ரத்தப் பரிசோதனைக் கருவிகளுக்குள் ஓடுவது. அதில் த்ரெட் எனப்படும் தனித்தனி வேலை இழைகள் பல ஒரே நேரத்தில் ஓடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பட்டியல், அதற்கு ஒரு பூட்டு. பூட்டு எதன் வசம் இருக்கிறதோ, அந்த த்ரெட் மட்டுமே பட்டியலைத் தொடலாம். ஒரு நாள் ஒரு மருத்துவமனையில் கருவிகள் நாலு மணி நேரம் உறைந்து நின்றன. த்ரெட் வேலை முடிந்து வெளியேறும் இடத்தில் கோளாறு என்பது மட்டும் தெரிந்தது. மேனேஜர் அந்தப் பகுதியைத் திறந்தார். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயர் பக்கத்திலேயே தெரியும். மேலிருந்து கீழ்வரை அண்ணாவின் பெயர்.

"நாலாயிரம் வரியை நேராக்கினேன் சார். கைதவறி எதையாவது மாத்திட்டேனோ என்னவோ" என்றார் அண்ணா.

அவ்வளவு நேர்மை எந்த ஆபீசுக்கும் ஆகாது. மதியமே கணினியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பிழையை யாரும் தேடவில்லை. கருவி நின்றால் தானே மறுபடி துவங்கும்படி ஓர் ஒட்டுப் போட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே கோளாறு மறுபடி தலைதூக்கி, என் தலையில் விழுந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெளியேறும் த்ரெட் முதலில் பட்டியலிலிருந்து தன்னை நீக்கிவிட்டுப் பிறகு பூட்டை விடவேண்டும். இங்கே தலைகீழ். நடுவில் இன்னொரு த்ரெட் நுழைந்தால், பூட்டைப் பிடித்துக்கொண்டு, பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்ச வெளியேறிவிட்ட முதல் த்ரெட்டின் பதிலுக்காகக் காத்தே கிடக்கும். லட்சத்தில் ஒரு முறைதான் அப்படி நடக்கும்.

இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். பிறகு, அண்ணா நேராக்குவதற்கு முந்தைய பதிப்பைத் திறந்தேன். வரிகள் அப்போதே தலைகீழ். எழுதியவர் பெயர் என்னுடையது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"பழசைக் கிளறாதீங்கம்மா. அதான் சரியாயிடுச்சில்ல" என்றார் மேனேஜர்.

மாலையே அண்ணா வீட்டுக்குப் போனேன். ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார் அவர்.

"நாலு கம்பெனில கூப்பிட்டாங்க. என் கையை நானே நம்பலன்னு போகமாட்டேன்னுட்டார்" என்றார் அண்ணி. மேஜையில் ஐந்தாறு நோட்டுகள். அந்த நிரலை ஞாபகத்திலிருந்து திரும்பத் திரும்ப எழுதி, தன் தப்பைத் தேடியிருந்தார் அண்ணா.

நின்றபடியே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நிஜமா நான் இல்லையா?"

"இல்லண்ணா. நான்தான்."

நான் அச்சிட்டுக் கொண்டுபோன இரண்டு பதிப்பின் தாள்களையும் வாங்கி, விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? நான் இல்லையாம்."

அண்ணி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"முன்னாடி இருந்ததைத் திறந்து பாக்க எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"ஒரு நிமிஷம் அண்ணி" என்றேன்.