தவறணைக் கன்றுகள் அண்ணனால் அழுகவில்லை

அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நாலு வரி எழுதும்படி அண்ணி என்னிடம் கேட்டார். அதற்குக் கொஞ்சமும் தகுதியில்லாதவன் நான். ஆனால் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை என்னைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

பூண்டுலோயாவுக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். நாடு சுதந்திரம் அடைந்த வருடம், பெருமழையில் மண் சரிந்து அப்பா இறந்தார். காரியம் முடிந்த மறுநாளே அண்ணன், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்தார். என்னை மட்டும் படிக்க ஹட்டனுக்கு அனுப்பினார். மழை நாளில் கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு, தாம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மலையேறுவார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மனுஷன் என்று அண்ணி இன்றும் கேலி செய்வார்.

வெட்டிய துண்டிலிருந்து தேயிலைக் கன்று வளர்க்கும் முறை எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, நாற்றங்காலான தவறணையை அண்ணனிடம் ஒப்படைத்தார்கள். ஓர் இலையும் விரல் நீளத் தண்டுமாக நட்ட துண்டு, பந்தல் நிழலில் வேர்விட்டுக் கன்றாக வேண்டும். மண் காய்ந்தால் கருகிவிடும். தண்ணீர் மிஞ்சினால் மண்ணுக்குள் காற்றுப் போக வழியில்லாமல் வேர் அழுகிவிடும். அண்ணன் பாத்திக்குப் பாத்தி மண்ணைப் பிடித்து அழுத்திப் பார்த்துத்தான் பூவாளியைத் தூக்குவார். ஒரு கன்றுகூட வீணாகவில்லை.

அப்போது நான் படிப்பை முடித்து அதே தோட்டத்து ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மண்ணின் ஈரத்தை அளந்து தண்ணீர் விட வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் சொல்லி, அளக்கும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தார். பாத்தி மண்ணைத் தகர டப்பாவில் எடுத்து நிறுக்க வேண்டும். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இருந்த சூட்டுப் பெட்டியில் ஒரு முழு நாள் காய வைத்து மறுபடி நிறுக்க வேண்டும். எடை இனிக் குறையாது என்று தெரியும்வரை திரும்பத் திரும்ப நிறுக்க வேண்டும். காய்ந்ததில் எவ்வளவு எடை குறைந்ததோ அதுதான் மண்ணில் இருந்த ஈரம். அதைப் பார்த்து, பாத்திக்கு எத்தனை பூவாளி என்று நான் சீட்டு எழுதுவேன்.

நான் ஸ்டோரில் தேயிலை காயும் வாசத்தில் வளர்ந்தவன். தூள் விரலில் நொறுங்கினால் காய்ந்துவிட்டது என்பது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். சூட்டுப் பெட்டியில் வைத்த மண்ணையும் சில மணி நேரத்திலேயே அப்படிக் கிள்ளிப் பார்த்தேன். மேல் மண் நொறுங்கியது. அதோடு டப்பாவை எடுத்து, ஒரே தடவை நிறுத்து எழுதிவிட்டு, படம் பார்க்க ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். டப்பாவின் அடியில் களிமண் ஈரத்தோடுதான் இருந்தது. அந்த ஈரமும் மண்ணின் எடையோடு சேர்ந்துவிட்டதால், பாத்தி உலர்ந்திருப்பதாகக் கணக்கு வந்தது. இன்னும் தண்ணீர் விடு என்று சீட்டு எழுதினேன். ஒரு நாள் அல்ல, வாரக்கணக்கில்.

"தம்பி, மண்ணப் புடிச்சா வெரல் இடுக்குல தண்ணி கசியுது. சீட்டுல இன்னும் ஊத்தச் சொல்லுதே?" என்று அண்ணன் கேட்டார்.

"கணக்கு அப்படித்தாண்ணே வருது. நீங்க ஊத்துங்க."

"சரிப்பா. நீ படிச்சவன்."

கன்றுகள் மஞ்சளித்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து நாறியது. ஒரு டப்பாவை அதிகாரி சொன்னபடி முழு நாளும் காயவிட்டு நிறுத்தேன். நான் எழுதி வந்ததைப் போல இரண்டு மடங்கு ஈரம் இருந்தது. துரையின் விசாரணைக்கு முந்தின நாளே எனக்கு உண்மை தெரியும்.

மறுநாள் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும் தோட்ட நிர்வாகியான பெரிய துரை அண்ணனை நிறுத்தினார். "சீட்டுல சொன்னபடிதாங்க தொரை ஊத்துனேன்" என்றார் அண்ணன்.

"அப்ப சீட்டு எழுதுன ஒன் தம்பி பொய் சொல்றானா?" என்று கேட்டார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

"இல்லீங்கய்யா. அவன் தப்பா எழுத மாட்டான். நாந்தான் கூட ஊத்திட்டேன் போல."

அண்ணனைத் தவறணையிலிருந்து நீக்கி, மழைத் தண்ணீர் வடியும் கான் வெட்டப் போட்டார்கள். முழங்கால் சேற்றில் நின்று மலைச் சரிவெல்லாம் கான் வெட்டினார். லயத்தில் அவருக்குக் "கன்னு கொன்னவரு" என்று பேர் விழுந்தது. அவர் பிள்ளைகளைப் பள்ளியில் "கன்னு கொன்னவரு புள்ள" என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. வீட்டுக்கு முன்னாலிருந்த மரக்கறிப் பாத்திக்குக்கூட அண்ணன் அதன் பிறகு தண்ணீர் விடவில்லை. "நீ ஊத்து. என் கை சரியில்ல" என்று அண்ணியிடம் சொல்லிவிடுவார். அதைக் கேட்டுக்கொண்டே அந்த வீட்டில் நான் சோறு தின்றேன்.

கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்தத் தவறணையில நான் எப்ப அவ்வளவு தண்ணி ஊத்துனேன்? எவ்வளவு நெனச்சாலும் நெனப்பு வரமாட்டேங்குது" என்று கேட்டார்.

"அத விடுங்கண்ணே" என்றேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

உறவினர்களே, தவறணையை அழித்தவன் நான். அண்ணன் அல்ல. அவர் பிள்ளைகளை இனி அந்தப் பேர் சொல்லி யாரும் கூப்பிட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்தவர்களுக்கும், கொட்டும் மழையில் வழுக்குப் பாதையில் அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், கருமாதிவரை எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "போடுங்க. எல்லாரும் படிக்கட்டும்" என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டார்:

"ஊருக்கெல்லாம் சொல்றீங்க தம்பி. அவர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

— தம்பி