பருந்தை நம்பிப் பறந்தேன், காதுகுத்தில் இறங்கினேன்

நேற்று அறந்தாங்கிப் பக்கம் ஒரு காதுகுத்தில் எனக்கு மாலை போட்டார்கள்.

அழைப்பிதழ் இல்லை. சொந்தம் இல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை.

வானத்திலிருந்து போய் இறங்கினேன்!

நான் பாராகிளைடிங் கற்றுக்கொள்கிறேன். (ஆமாம், புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். மலைக்கு எங்கே போவாய் என்று கேட்பவர்களுக்கு: ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தால் பட்டம் மாதிரி மேலே போய்விடலாம்.)

மேலே போவது பெரிய விஷயமில்லை. ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் இறங்குவதுதான் கஷ்டம். ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால்தான் அடுத்த மாதம் மலைப் பயணத்துக்குக் கூட்டிப்போவேன் என்று கோச் கறாராகச் சொல்லிவிட்டார்.

இரண்டு முறை தோற்றாயிற்று. முதல் முறை பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டாம் முறை தைலமரக் காட்டில்... சரி, அது வேண்டாம்.

நேற்று இலுப்பூர்ப் பக்கத்துப் பொட்டலில் கிளம்பினேன். கீழே காரில் கோச். ஓட்டுவது என் வீட்டுக்காரர் செந்தில். (கல்யாணத்துக்கு முன்னால் பின்னாலேயே சுற்றினார். இப்போது கீழேயே சுற்றுகிறார்.)

வெயிலில் சூடான காற்று மேலே எழும் இடத்தைக் கண்டுபிடித்து, அதிலேயே வட்டமடித்து உயரம் ஏற வேண்டும். பிறகு அடுத்த இடத்துக்குச் சறுக்கிப் போக வேண்டும். மொத்த வித்தையும் இதுதான். ஆனால் காற்று கண்ணுக்குத் தெரியாதே!

அதற்கும் கோச் வாக்கிடாக்கியில் வழி சொன்னார்.

"சந்தேகமா இருந்துச்சுன்னா பருந்து எங்கிட்டு சுத்துதோ அங்கிட்டுப் போ தங்கச்சி. அதுக்குத் தெரியாத காத்தா?"

புதுக்கோட்டை ஊரே என் ஷூவுக்குக் கீழே கடந்து போனது. முப்பது கிலோமீட்டர். நாற்பது. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தைந்தில் இறங்க ஆரம்பித்தேன். சுற்றிலும் தேடினேன்.

அதோ, பத்துப் பன்னிரண்டு பருந்துகள்! ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன!

நேராக அங்கே போனேன். வட்டமடித்தேன். ஏறவில்லை. இன்னொரு வட்டம். இன்னும் இறங்கினேன். பருந்துகளும் ஏறவில்லை. ஒவ்வொன்றாகக் கீழே பாய்ந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் மூக்குக்கு விஷயம் எட்டியது.

கறிக்குழம்பு!

கீழே குலதெய்வக் கோயில், பந்தல், பெரிய பெரிய அண்டா. கிடா வெட்டியிருக்கிறார்கள். பருந்துகள் காற்றுக்காக வரவில்லை, குடலுக்காக வந்திருக்கின்றன!

நாற்பத்தேழு கிலோமீட்டர். இன்னும் மூன்றுதான். ஹெல்மெட்டுக்குள் அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பந்தலுக்குப் பக்கத்து அறுப்பு முடிந்த வயலைப் பார்த்து இறங்கினேன்.

அந்த நேரம் பார்த்து மைக்செட் அண்ணன் குரல்:

"சொந்தபந்தங்களே! தாய்மாமன் முருகேசன் துபாய்லேர்ந்து வந்துட்டாரு! மேல பாருங்க!"

எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் கொண்டுவருவது எப்படியென்று தெரியும்தானே? மாட்டு வண்டி, குதிரை, வாணவேடிக்கை. ஒருவர் ஜேசிபியில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் வானத்திலிருந்து ஒருவர் வந்ததில் அங்கே யாருக்கும் ஆச்சரியமே இல்லை!

மேளம் முழங்கியது. கால் தரையில் பட்டதும் கழுத்தில் மாலை விழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினேன். பின்னல் தொங்கியது.

மேளம் நின்றது.

ஓர் அக்கா முதலில் சுதாரித்தார்.

"இது மாமன் இல்லடி, மாமன் பொண்டாட்டி!"

அவ்வளவுதான். முருகேசனின் அம்மா வயலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி, ஒனக்குப் பொண்ணு தேடி நாலு மாசமா நாயா அலையிறேனே! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"அம்மா, எனக்கு அவரத் தெரியாதுங்க..."

"கட்டுனவனையே தெரியாதாம்ல!"

அந்த நேரத்தில் எங்கள் கார் வந்தது. செந்தில் இறங்கினார். மாலையும் கழுத்துமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏங்க, அது என் பொண்டாட்டிங்க!"

யாரும் நம்பவில்லை. யாரோ துபாய்க்கு வீடியோ கால் போட்டார்கள். வேலைத்தொப்பியோடு முருகேசன் திரையில் வந்தார்.

"ஆத்தா, சத்தியமா இவங்க யாருன்னே தெரியாது! லீவு கெடைக்கல. நான் இங்கதான் இருக்கேன்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவருடைய அக்கா கவிதா என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்குங்க மன்னிப்பு? அவன் வரமாட்டான்னு தெரியும். ஆனா ஒரு அரை நிமிசம், வந்துட்டான்னே நெனச்சேன். அந்த அரை நிமிசம் நல்லா இருந்துச்சுங்க."

மூன்று கிலோமீட்டர் குறைந்ததற்கு அழுதவள் நான்!

நல்ல நேரம் முடியப்போகிறது. மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? கவிதா கொஞ்சமும் யோசிக்கவில்லை. செந்திலைப் பிடித்து மணையில் உட்காரவைத்தார். மடியில் குழந்தை. கையில் போன், போனில் முருகேசன்.

காது குத்தியதும் குழந்தை அழுதது. முருகேசன் அழுதார். (செந்திலும்தான். இல்லை என்று கமெண்டில் சொல்வார், நம்பாதீர்கள்.)

பந்தியில் கோச் எலும்பைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"நாப்பத்தேழுதான். பாஸ் கெடையாது."

"நீங்கதானண்ணே பருந்து பின்னாடி போகச் சொன்னீங்க?"

"பருந்து மேல தப்பே இல்ல தங்கச்சி. இந்தக் கறிக்கு நானா இருந்தாலும் எறங்கியிருப்பேன்."

விடைபெற்றுக் காரில் ஏறும்போது மைக்செட் அண்ணன் விடவில்லை.

"துபாய்லேர்ந்து எங்கயும் எறங்காம நேரா பறந்து வந்து விழாவச் சிறப்பிச்ச நம்ம அத்தைக்கு நன்றி!"

பந்தல் முழுக்கக் கைதட்டல். நானும் கும்பிட்டுவிட்டேன்!

கோச் கணக்கில் நாற்பத்தேழு கிலோமீட்டர். மைக்செட் அண்ணன் கணக்கில் துபாய் டு அறந்தாங்கி, நான்ஸ்டாப்.

மக்களே, நீங்களே சொல்லுங்கள். நான் பாஸா, பெயிலா?