ஒலுவில் பிறையும் என் பெருநாள் சட்டையும்

நோன்பு இருபத்தொன்பது. இஃப்தார் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை — ஃபோன் சிணுங்கியது.

‘ஒலுவில் கடற்கரையில் இன்று பிறை தென்பட்டது. நாளை பெருநாள்!’ கூடவே, துறைமுகத்துக்கு மேலே மெல்லிய பிறை நிற்கும் படம்.

யார் எடுத்தது? தெரியாது. என்றைய ‘இன்று’? கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பள்ளிவாசல் மஹல்லா வட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். முந்திக்கொண்ட பெருமை வேறு... மளமளவென்று ‘ஈத் முபாரக்’ வந்து குவிந்தது.

தைக்கக் கொடுத்த என் சட்டையை வாங்கலாமென்று றசூலின் கடைக்குப் போனேன். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் றசூல் டெய்லர் என்றால் ஒரு பெயர். பெருநாள் உடுப்பைச் சொன்னபடி கொடுக்காமல் விட்டதே இல்லை. இந்த முறை நோன்பு முப்பதும் வரும் என்று நம்பி, கடைசிப் பத்துப் பன்னிரண்டு உடுப்பை மறுநாளுக்கு வைத்திருந்தார்.

கடை வாசலில் சனம் முட்டி மோதியது.

“மத்தக் கை எங்க நானா?” ஒற்றைக் கை தைத்த சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர்.

“பத்து நிமிசம் பொறுங்க...” றசூலுக்கு வியர்த்துக் கொட்டியது.

“எனக்கு ஏலா. துணியத் தாங்க, ரெடிமேட் எடுக்கிறன்,” என்றார் பின்னால் நின்ற இன்னொருவர்.

இப்படியே மூன்று பேர் துணியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். றசூலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் குரூப்பில், இங்கிருந்து ஒலுவிலுக்குக் குடிபோன என் நண்பனின் மெசேஜ் வந்தது. “மச்சான், இது போன வருசம் நான் எடுத்த படம். இண்டைக்கி இங்க ஒரே மழை மூட்டம்!”

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் சொல்லிவிட்டது — பிறை எங்கும் தென்படவில்லை, நாளையும் நோன்பு.

“பேப்பர்ல எழுதுற சேர் போட்டதெண்டுதானே நம்பின!” என்றார் ஒற்றைக் கைச் சட்டைக்காரர். கூட்டம் மொத்தமாக என் பக்கம் திரும்பியது.

றசூல் மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

துணியைக் கொண்டுபோன மூன்று பேரின் வீட்டுக்கும் நடந்தேன். மன்னிப்புக் கேட்டு, துணிகளை வாங்கிவந்து றசூலிடம் கொடுத்தேன். பொய்யை அனுப்ப ஒரு விரல் போதும்... திருப்பி எடுக்கத்தான் இரண்டு காலும் வேண்டியிருக்கிறது, இல்லையா?

மறுநாள் மாலை எல்லோருடைய உடுப்பும் தயார். மற்றக் கையோடு!

“என்ட சட்டை, றசூல்?”

“உங்கடயா சேர்? அந்த மூணு துணியும் திரும்பி வந்திச்சே, அதுக்கே நேரம் சரியாப் போச்சி. அதோட... நீங்கதான் நேத்தே பெருநாள முடிச்சிட்டீங்களே!”



போன வருசத்துப் பிறையைப் பரப்பியவன், போன வருசத்துச் சட்டையோடு போய்ப் பெருநாள் தொழுதேன்.