மூணு தையல்

நம்பினா நம்புங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இதை யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். எங்க குடும்பத்துல முதல் டிகிரி நான்தான், அதுவும் வேதியியல். பேய், காத்துன்னு பேச்சு வந்தா எழுந்து போயிடுவேன்.

அம்மா காசிமேட்டுல மீன் வெட்டறவங்க. ஆறு வருஷமா அவங்க இதயத்துல செயற்கை வால்வு. ஒருநாள் கெளுத்தி முள்ளு உள்ளங்கைல ஏறிடுச்சு. எங்க பக்கம் அதுக்கு வைத்தியம், குத்தின மீனோட கொழகொழப்பையே காயத்துல தேய்ச்சுட்டு வேலையப் பாக்கறது. அம்மாவும் அதத்தான் செஞ்சாங்க. வால்வு வச்ச உடம்புல சின்னக் காயத்தையும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னத, படிச்ச நானாவது ஞாபகம் வச்சிருக்கணும். பக்கத்துல நின்னு சும்மா பாத்தேன்.

மூணு வாரமா ஜுரம் விட்டு விட்டு அடிச்சுது. தெரு கிளினிக்ல டைபாய்டுன்னு மாத்திரை தந்தாங்க. அப்புறம் ஒரு மத்தியானம், பட்டப்பகல், அம்மா பாயிலேர்ந்து எழுந்து மீன் கத்திய எடுத்தாங்க. நாப்பது கிலோ உடம்பு. தடுக்க வந்த மாமாவோட முன்கையக் கிழிச்சு, அவரத் தூக்கி பீரோ மேல அடிச்சாங்க. கண்ணாடி நொறுங்கி வீடெல்லாம் ரத்தம். நான் கத்தியப் பிடுங்கறதுக்குள்ள என் கழுத்து அவங்க கைல. செவுத்தோட வச்சு நெறிச்சாங்க, என் கால் தரையில இல்ல. பேசின குரல் அம்மாவோடது இல்ல.

"மூணு தையல்தான் கீது. அதையும் அறுத்துகினு கீறேன்."

சொல்லிட்டு அப்படியே சுருண்டு விழுந்தாங்க.

"இன்னாடா நைனா, இதுக்கும் உன் டிகிரில மாத்திரை கீதா? எங்கக்காவ காத்து புட்ச்சுகீதுடா, கோயிலுக்குத் தூக்கு!"ன்னு மாமா கத்தறாரு.

தையல்னதும் எனக்கு இதயத்துல வச்சுத் தச்ச வால்வுதான் தோணுச்சு. "கோயிலு அப்பால மாமா, ஆட்டோவ கூப்புடு"ன்னேன். வால்வு வச்ச ஆஸ்பத்திரிக்கே போனோம்.

மறுநாள் ஆபரேஷன் முடிஞ்சு வந்த டாக்டர், "கிருமி சுத்தி அரிச்சுடுச்சு தம்பி. வால்வு மூணே தையல்ல தொங்கிட்டிருந்துச்சு"ன்னாரு. மாமா என் முகத்தையே பாத்தாரு. கிருமியோட பேர் ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு, மீன்ல கைவைக்கறவங்களுக்கு எப்பவாவது அபூர்வமா வர்றதாம்.

அம்மா பொழைச்சுட்டாங்க. அந்த மத்தியானம் எதுவுமே ஞாபகம் இல்லங்கறாங்க. ஜுரத்துல மூளை கலங்கியிருக்கும்னு நானும் எனக்குச் சொல்லிக்கறேன். ஆனா வார்டுல என் கழுத்துத் தடத்தப் பாத்த நர்ஸ், "யாருப்பா அந்த ஆளு, போலீஸ்ல சொல்லிட்டியா?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கே, மயக்கத்துல கிடந்த அம்மாவோட கைய எடுத்து அந்தத் தடத்து மேல வச்சுப் பாத்தேன். விரல் பாதிகூட எட்டல.

இப்பவும் அம்மா என் கன்னத்தத் தொட வந்தா உடம்பு தானா பின்னால போவுது.

"இன்னாடா, பெத்தவ கையக் கண்டா பயமா?"ன்னு சிரிப்பாங்க.

நான் அந்தக் கையப் பாப்பேன். சின்னக் கைதான்.