ஒச்சாயி அணைத்த சூடம்

ஒச்சாயியக்காவைப் போலப் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. பல்லி விழுந்தால் பயம், தபால்காரர் வந்தால் பயம், பஸ் வேகமாகப் போனால் பயம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கிப் படித்த அரசு மாணவியர் விடுதியில் அவர்தான் சமையல். எங்கள் எல்லோரையும் அதட்டி உருட்டிச் சோறு போடுவார். அதட்டும்போதே ஒரு கண் வாசலில் இருக்கும், யாராவது அதிகாரி வந்துவிடுவாரோ என்று.

எண்பத்து நாலில் சட்டம் வந்துவிட்டது என்றார்கள். அரசுக் கட்டிடங்களில் இனி விறகு எரிக்கக் கூடாதாம், சாண எரிவாயுதானாம். விறகடுப்பை இடித்தார்கள். கொல்லைப்புறத்தில் குழி தோண்டிச் சாணக் கரைசலை நிரப்பி, மேலே பெரிய இரும்பு டிரம் ஒன்றைக் கவிழ்த்தார்கள். வாயு சேரச் சேர டிரம் தானாக எழும்பும். அடுப்பு எரிய எரிய இறங்கும். எங்களுக்கு அது வேடிக்கை, அக்கா அதை எட்டச் சுற்றிக்கொண்டுதான் கொல்லைக்குப் போவார்.

“அதுக்கு உசுரு இருக்குடி. நேத்துச் சாயங்காலம் இருந்த உசரமா இது?” என்பார்.

நீளக் குச்சியின் நுனியில் துணி சுற்றித்தான் அடுப்பைப் பற்றவைப்பார். பற்றுகிற நேரம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். விடுதியே சிரிக்கும்.

அந்த வருஷம் அவருக்குக் கூடுதல் பயம். மகள் மாயக்காள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். ஆயுத பூஜை நெருங்கும்போது அக்கா வார்டன் ஜோசபினிடம் போய் நின்றார்.

“வார்டனம்மா, கேஸ் குழாய்ப் பக்கம் அழுகுன முட்ட வாடை வருது.”

“சாணம் பின்ன மல்லியப்பூவாவா மணக்கும், ஒச்சாயி?” என்றார் வார்டன். ஆனாலும் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினார். லீவு முடிந்துதான் வருவேன் என்று அவர் பதில் சொல்லிவிட்டார்.

பூஜையன்று வாட்ச்மேன் சின்னக்கருப்பன் சைக்கிள், அருவாமனை, ஆட்டுக்கல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு டிரம்முக்கு வந்தார். சர்க்கார் கொடுத்த புதுச் சாமான், அதற்குப் பூஜை இல்லாமலா? நாங்கள் சுண்டலுக்காகச் சுற்றி நெருக்கியடித்து நின்றோம். ‘அருகில் தீ கூடாது’ என்று அங்கே ஒரு தகரப் பலகை இருந்தது. சின்னக்கருப்பன் அதற்கும் பொட்டு வைத்தார். பிறகு தட்டில் சூடத்தை ஏற்றினார்.

“அண்ணே, அங்கிட்டு வேணாம். வாடை அடிக்குது,” என்றார் அக்கா.

“தீயின்னா பீடி, தீக்குச்சி. சூடம் சாமில்ல தங்கச்சி?”

“போர்டுல எழுதிப் போட்டிருக்கே...” என்று தொடங்கிய வார்டன் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கிறிஸ்தவர்; வேதக்காரம்மா சாமி காரியத்தைத் தடுத்துவிட்டார் என்று ஊர் பேசுமே. அது அவருடைய பயம்.

தட்டு குழாய் இணைப்பை நெருங்கியது. அக்கா பாய்ந்து போய், எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

எரிகிற சூடத்தைக் கையால் அணைப்பது எங்கள் பக்கம் கேள்விப்படாத காரியம். சின்னக்கருப்பன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது.

“நெறமாசப் பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு என்ன காரியம் பண்ணிட்ட, தாயி,” என்றார்.

லீவு முடிந்து மெக்கானிக் வந்தார். வந்தவர் எல்லா நட்டுகளையும் முறுக்கிவிட்டுத்தான் வாயு கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“முன்னாடி ஒழுகுச்சா தம்பி?” என்று அக்கா கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“ஒழுகியிருக்கலாம். முறுக்கிட்டேனே, இனி எப்படிச் சொல்றது?”

அந்த ஆறுதலும் போயிற்று. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பொசுங்கிய கையைச் சேலைக்குள்ளேயே வைத்திருந்தார். மகளுக்கு இடது கையால்தான் எண்ணெய் தேய்த்துவிட்டார். வயிற்றின்மேல் அந்த வலது கை படவே கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார். வீதியில் பெண்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

மாயக்காளுக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளை அழவில்லை. நர்ஸ் காலைப் பிடித்துத் தூக்கித் தட்டுகிற சத்தம் மட்டும் வெளியே கேட்டது. அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு, “ஏங்கையச் சுட்டேல்ல, அதோட விட்ரு சாமி, அதோட விட்ரு,” என்று முனகிக்கொண்டே இருந்தார். கடைசியில் பிள்ளை வீறிட்டது.

பிறகு நடந்ததை மாயக்காளே பின்னாளில் எனக்குச் சொன்னாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் கேட்டிருக்கிறாள்: “அம்புட்டுப் பிள்ளைக பக்கத்துல நின்னுச்சுக, சரி. அந்நேரம் என் நெனப்பு ஒனக்கு வரவே இல்லையாம்மா?”

“வந்துச்சு,” என்றாராம் அக்கா. “வந்த பெறகுதான் கைய வச்சேன்.”