சொட்டை விழுந்த கோப்பைகள்

பீங்கான் தொழிற்சாலையில் அவளை முகத்துக்கு நேரே ‘கிளேஸ் அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘சந்தேகக்காரி’. இரண்டும் பொருத்தமான பெயர்கள்தான்.

பத்தொன்பது வருடமாக அவள் கிளேஸ் தொட்டியின் முன்னால் நின்றவள். கிளேஸ் என்ற அந்த ஒரு சொல் அவள் தெருவில் ஆளுக்கொரு வேலை செய்தது. பேக்கரிக்காரருக்கு அது பன்னின் மேல் தடவும் சர்க்கரைப் பாகு. டைல்ஸ் கடைக்காரருக்குக் கால் வழுக்கும் பளபளப்பு. தொழிற்சாலையில் அது மண் பாத்திரத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடி. ஆனால் சூளைக்குள் போகும் முன்பு அதைப் பார்த்து யாரும் கண்ணாடி என்று சொல்ல மாட்டார்கள். தொட்டியில் இருக்கும்போது பால். கோப்பையில் காய்ந்த பிறகு வெறும் சுண்ணாம்புப் பொடி.

அவள் கோப்பையை மூன்று விரலால் பிடித்து, முக்கி, ஒரு சுழற்று சுழற்றி எடுப்பாள். விரல் பிடித்த இடத்தில் மட்டும் கிளேஸ் ஒட்டாது. அந்த இடத்தைத் தூரிகையால் தொட்டு அடைத்துவிட வேண்டும். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைப் பூச்சு. எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். விட்டுப்போனால், சுட்டு வரும்போது அந்த இடம் சொரசொரவென்று சொட்டையாக நிற்கும். கோப்பை நேராகக் குப்பைக்கு.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்த டாக்டரிடம், “உங்க வீட்டுல யாருக்காவது இதைக் குடுத்திருக்கீங்களா?” என்று கேட்டவள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. படித்த பிறகும் பாதி நாள் போட்டதில்லை. தையல்காரரான அவள் கணவர், கடைக்கு வருகிறவர்களிடம், தன் மனைவி கண்ணாடி முன்னால் நின்றாலும் ‘யார் நீ’ என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுத்தான் தலைசீவுவாள் என்று சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு மாதமாகச் சூளை திறக்கும்போதெல்லாம் அவள் முக்கி அடுக்கிய பலகையில் ஏழெட்டுக் கோப்பைகள் சொட்டையோடு வந்தன. மேஸ்திரி அவளைத் தனியே கூப்பிட்டு, இன்னும் ஒரு சூளை இப்படி வந்தால் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள், தன்னால் தடுக்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்தத் தொட்டி அவளுக்கு வேலை மட்டுமா? தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த பதினைந்தாம் நாள், வீட்டுச் சுவர்களைப் பார்க்க முடியாமல் ஓடிவந்து அவள் நின்ற இடம் அது. முகத்தில் வழிவது கண்ணீரா, தெறித்த கிளேஸா என்று யாரும் கேட்காத இடம். அங்கிருந்து அவளை எடுத்தால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

யாரோ செய்கிறார்கள். அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அந்த யாரோ வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்தான். கணவரின் ஒரே தங்கை. அதே தொட்டியருகே, முதல் தடவை சுட்டு வந்த கோப்பைகளைத் தூசி துடைத்துக் கொடுப்பதும், கிளேஸில் முக்கியெடுத்த கோப்பைகளைப் பலகையோடு தூக்கி அலமாரியில் அடுக்குவதும் அவள் வேலை. தொட்டி காலியானால் அடுத்து நிற்க வேண்டியவளும் அவளே. அதை விடப் பெரிய அத்தாட்சி, நாத்தனார் திடீரென்று அன்பாகிவிட்டாள். பதினைந்து வருடமாகச் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காதவள் இப்போது படியிறங்கும்போது கையைப் பிடிக்கிறாள், தெருவைக் கடக்கும்போது முன்னால் நடக்கிறாள். எதற்கு?

கணவரிடம் சொன்னாள். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, “என் தங்கச்சி சண்டை போட்டாலும் குத்தம், போடலைன்னாலும் குத்தமா?” என்றார்.

மறுநாள் அவளே கண்ணால் கண்டாள். அலமாரிப் பக்கம் அவள் திடுமெனப் போனபோது, நாத்தனார் எதையோ அவசரமாக ஏப்ரன் பைக்குள் திணித்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு தூரிகையின் காம்பு. அலமாரியில் நிற்பவளுக்குத் தூரிகை எதற்கு? அந்தக் காம்பால் பூச்சைச் சுரண்டத்தான். எதுவும் கேட்காமல் நேரே மேஸ்திரியிடம் போனாள்.

“ஒரே ஒரு நாள் அவளை என் பக்கத்துலேர்ந்து எடுத்துருங்க. அன்னைக்கு ஒரு சொட்டை வந்தாலும் நானே பேக்கிங்குக்குப் போயிடறேன்.”

மேஸ்திரி பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டார். நாத்தனாரைக் கோப்பை வார்க்கும் அச்சுப் பகுதிக்கு அனுப்பினார். போகும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டாள் கிளேஸ் அக்கா. அன்று முழுவதும் ஒவ்வொரு கோப்பையையும் தானே துடைத்தாள், தானே முக்கினாள், தானே அடைத்தாள், பலகையைக்கூடத் தானே தூக்கினாள். வேறு எவர் கையும் படவில்லை.

மூன்றாம் நாள் காலை சூளை திறந்தது. அவள் பலகைகள் வந்த வண்டியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். மேஸ்திரி ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்தார். அவள் விரலால் தடவினாள். சொரசொரப்பு. அடுத்தது. அதுவும். ஏழெட்டு இல்லை, பாதிக்கு மேல். ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டை, அவளுடைய மூன்று விரல்கள், அச்சுப் பதித்தது போல.

கூட்டத்தின் பின்னால் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“நீ அந்தத் தூரிகையால என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே?” கோப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள் கிளேஸ் அக்கா.

“நீங்க அடைக்காம விட்டதை அடைச்சுக்கிட்டிருந்தேன் அண்ணி. நான் டீ குடிக்கப் போன நேரத்துல வேற யாராவது பலகையைத் தூக்கிட்டுப் போயிட்டா, அதுதான் சொட்டையா வந்துச்சு.”

“எத்தனை நாளா?”

“மூணு மாசமா. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலை அண்ணி. படியில ரெண்டு தடவை விழப் பார்த்தீங்க.”

பல்புகள் மங்கிவிட்டன என்று எலக்ட்ரீஷியனோடு அவள் போட்ட சண்டைகளை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“ஏண்டி என்கிட்ட சொல்லலை?”

“நான் சொன்னா நம்பியிருப்பீங்களா? தொட்டிக்கு ஆசைப்பட்டுச் சொல்றேன்னுதானே நினைச்சிருப்பீங்க?”

அப்படித்தான் நினைத்திருப்பாள், அது அவளுக்கே தெரியும். அந்தக் கணத்திலும் மனசின் ஒரு மூலை, ‘இதுவும் நடிப்பாக இருந்தால்?’ என்று கேட்டதுதான் கொடுமை. அவள் அந்த மூலையை முதன்முறையாக அலட்சியம் செய்தாள். தன் தூரிகையை நாத்தனாரின் கையில் வைத்தாள். மேஸ்திரியின் பக்கம் திரும்பி, தவறு தன்னுடையது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். தொட்டி திரும்பக் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. அவரும் வாக்குக் கொடுக்கவில்லை. முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கண் மருத்துவமனையில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது, சின்ன அறுவைசிகிச்சைதான், பயப்பட வேண்டாம் என்றார். நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நோயாளி கையெழுத்து ஓரிடம், பொறுப்பாளர் கையெழுத்து ஓரிடம். எழுத்துகள் அவளுக்கு எறும்பு ஊர்ந்த தடமாகத் தெரிந்தன.

“வீட்டுக்காரர் வரலையா?” என்றாள் நர்ஸ்.

“கீழே சீட்டு வாங்க நிக்கிறாரு. இவ போடுவா.” பக்கத்தில் நின்ற நாத்தனாரைக் காட்டினாள்.

நாத்தனார் தாளைக் கையில் எடுத்தாள். “என்ன போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டட்டுமா அண்ணி?”

“வேணாம். எங்கே போடணும்னு என் விரலை அங்க வை.”

நாத்தனார் அவள் கையைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தாள். அவள் கையெழுத்துப் போட்டாள்.