கற்குவியலின் மேற்குப் பக்கம்

அம்மாவின் சும்மாடு அப்பாவின் பழைய சட்டைத் துணியில் சுருட்டியது. வியர்வையும் மண்ணும் ஊறிக் காய்ந்து மரவளையம்போல் விறைத்து நிற்கும். அதைத் தலையில் வைத்து, மேலே ஒரு கருங்கல்லை ஏற்றிக்கொண்டு வயலிலிருந்து கற்குவியலுக்கு நடப்பதுதான் அவள் வேலை. எங்கள் தீவின் கடலோர ஊரான சுயாக்கிற்கு மேலே, நாங்கள் இருந்த கரும்புத் தோட்டத்தில், நடவுக்கு முன் கல் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லைக் கொண்டுபோய்ப் போட வேறு இடம் கிடையாது. வயலின் நடுவிலேயே குவிப்பார்கள். வருஷக்கணக்கில் வளர்ந்து, வீட்டுக் கூரையையும் தாண்டி, சுற்றிலும் பச்சைக் கரும்பு நிற்க அந்தக் குவியல்கள் கறுத்துக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் யார் கட்டியது என்று கேட்பார்கள். யாரும் கட்டவில்லை. எங்கள் ஜனங்கள் தலையிலிருந்து இறக்கிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு பொறுக்கினாலும் அடுத்த மழைக்குப் பிறகு மண் கரைந்து புதுக்கல் தலைகாட்டும். “கல்லு மறுபடி குட்டி போட்டிருக்கு, வாங்கடி, மருந்து இடிச்சுக் குடுப்போம்,” என்பாள் அம்மாவோடு வேலை செய்த பக்கத்து வீட்டுச் சித்தி. சிரித்துக்கொண்டே குனிவார்கள். கல் உண்மையிலேயே மண்ணுக்குள் வளர்கிறது என்றுதான் அவர்களில் பலரும் நம்பியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு தானாக நிமிர்கிறது. ஒருமுறை எங்கள் வகுப்பைக் கியூர்பிப் ஊரில் உள்ள பழைய எரிமலை வாய்க்கு அழைத்துப் போனார்கள். பெரிய கிண்ணம்போல் ஒரு பள்ளம், உள்ளே மரங்கள், அடியில் கொஞ்சம் தண்ணீர். இந்தத் தீவே கடலுக்கடியிலிருந்து வந்த நெருப்பு என்றார் ஆசிரியர். சில எரிமலைகள் வெடித்துச் சாம்பலை வானத்தில் எறியும். நம்முடையது பெரும்பாலும் பாகுபோல் வழிந்து பரவியது. பக்கத்துத் தீவில் இன்றும் அது எரிகிறது. இங்கே பல காலங்களில் வழிந்திருக்கிறது. முதலில் வழிந்தது மக்கி, கரும்பு விளையும் மண்ணாயிற்று. பிந்தி வந்தது இன்னும் மக்காமல் கல்லாகவே கிடக்கிறது.

அன்று மாலை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். வீட்டில் தீவுப் பேச்சான கிரியோலும் தமிழும் கலந்துதான் பேசுவோம். எரிமலைக்கு அவளுக்குத் தெரிந்த சொல் இரண்டிலும் இல்லை. “நெருப்பு மலை” என்றேன். “அப்ப நான் சுமக்குறது ஆறிப்போன நெருப்பா?” என்றாள். “அதான் மண்டை இப்படிக் காயுது.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டாள். கல்லில் இரண்டு விதம் உண்டு. ஒன்று நீலங்கறுத்து, இறுகி, கழுத்தை ஒடிக்கும். இன்னொன்று உடம்பெல்லாம் ஓட்டை, கையில் எடுத்தால் ரொட்டிபோல் லேசு. ஏன் அப்படி?

பாகு கொதித்து வழியும்போது உள்ளே காற்று இருக்கும், மேலே இருப்பது சீக்கிரம் ஆறிவிடுவதால் அந்தக் குமிழிகள் அப்படியே அடைபட்டுப் போகும், அடியில் இருப்பது மெதுவாக ஆறுவதால் காற்று வெளியேறி இறுகிவிடும் என்று சொன்னேன். “அப்ப அந்த ஓட்டையெல்லாம் அது மூச்சு விட்ட எடம்,” என்றாள் அம்மா. அப்புறம்தான் எனக்கு ஓர் அண்ணன் இருந்ததைச் சொன்னாள்.

பெயர் வைக்குமுன்பே காய்ச்சலில் போனவன். எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் வழக்கம். இடுகாடு கடலோரத்தில், தூரத்தில் இருந்தது. அப்பா குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், பெரிய வயலின் கற்குவியலுக்கு மேற்குப் பக்கத்தில் புதைத்தார். பிள்ளை பெற்ற உடம்போடு அம்மா எழுந்து போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த அப்பா ஒன்றுதான் சொன்னாராம்: “லேசான கல்லாப் பார்த்து வெச்சிருக்கேன். பிள்ளைய அழுத்தாது.”

அதற்குப் பிறகு அம்மா அந்தக் குவியலின் மேற்குப் பக்கம் ஒரு கல்லும் போட்டதில்லை. மற்றப் பெண்களும் போடுவதில்லை. தன் துக்கத்துக்காகத்தான் அவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். குவியல் ஒருபக்கமாகவே வளர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருக்கும் ஆள்போல் தெரிந்தது.

நான் ஆசிரியையான புதிதில் தோட்டத்துக்கு இயந்திரம் வந்தது. குவியல்களைக் கலைத்து வயலை ஒரே மட்டமாக்கப் போவதாக, வேலையாட்களை மேய்க்கும் சர்தார் வந்து சொன்னார். அப்பா அப்போது இல்லை. கடலோர இடுகாட்டில் கிடந்தார். பிள்ளைமேல் வைத்த அந்தக் கல்லையும் அதன் அடியில் ஒரு பிடி மண்ணையும் எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மா வேறெதையும் கேட்கவில்லை.

நான்தான் துரையிடம் போனேன். தோட்டத்து நிலத்தில் பிள்ளையைப் புதைத்ததைச் சொல்ல அம்மா விடவில்லை. சாமிக்கல் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் என்னைவிட என் பிரெஞ்சைத்தான் உற்றுப் பார்த்தார். “ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள், மதெமுவசேல். கல்தானே, இங்கே குறையா?” என்றார், வெள்ளைக்காரப் பெண்ணை அழைக்கும் மரியாதையோடு. வெளியே அம்மாவோடு நின்ற சர்தார், “உம் மவ பேசினா துரையே நிமிர்ந்து உக்காருறாரு, அக்கா,” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அன்று வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஞாயிறு காலையில் சித்தியும் இன்னும் சில பெண்களும் வந்தார்கள். மேற்குப் பக்கம் சரிந்திருந்த கற்களை அகற்றினோம். அடியில் புல்லும் வேரும். அதையும் விலக்கியபோது ஓட்டைக்கல் ஒன்று தெரிந்தது. அம்மா மண்டியிட்டாள். ஒரு சாண் தள்ளி இன்னொன்று இருந்தது. அதற்கும் அப்பால் வேறொன்று. தானாக உருண்டு வந்தவை அல்ல. வரிசையாக, யாரோ பார்த்துப் பார்த்து வைத்தவை. எல்லாம் லேசான கற்கள்.

சித்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “எம் பிள்ளையப் பொதச்சிட்டு வந்து எங்க வீட்டு ஆளும் இப்படித்தான் சொன்னாரு, அக்கா,” என்றாள். “நீங்க எனக்காகத்தான் இந்தப் பக்கம் போடலேன்னு நெனச்சிருந்தேன்.”

காய்ச்சல் காலத்தில் எங்கள் ஆண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், அல்லது பெண்களுக்குச் சொல்லாமல், இங்கேதான் வந்திருக்கிறார்கள். எது யாருடையது என்று காட்ட அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. அம்மா ஒவ்வொரு கல்லின்மேலும் கை வைத்துப் பார்த்தாள். தொட்டால் தெரியும் என்று நம்பியிருந்தாள் என நினைக்கிறேன்.

“எல்லாத்துக்கும் அடியில ஒரு பிடி எடுத்துப் போயிடலாம்மா,” என்றேன்.

“மத்தவ பிள்ளைய நான் எப்படி எடுக்குறது? ஒருத்தி மாயெபூர்ல இருக்கா. ஒருத்தி செத்தே போயிட்டா. அவங்களக் கேக்காமலா?” என்றாள். பிறகு, “ஒண்ணா இருந்த பசங்க. இருக்கட்டும்,” என்றாள்.

சித்தி கொண்டுவந்திருந்த கற்பூரத்தை ஏற்றினோம். கற்களை மண்ணால் மூடினோம். அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். மறுநாள் இயந்திரம் வந்து உறுமிக்கொண்டு போயிற்று. நான் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளுக்கு அன்று என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது நினைவில்லை.

அம்மா போய் இரண்டு அறுவடை ஆகிவிட்டது. நாடு விடுதலை பெறப் போகிறது. கொடியின் நிறங்களைப் பள்ளியில் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பெரிய வயல் இப்போது மேசைபோல் மட்டமாக இருக்கிறது. குவியல் எங்கே நின்றது, அதன் மேற்குப் பக்கம் எது என்று வரப்பில் நின்று பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அம்மாவாலும் முடியவில்லை. கடைசி வருஷங்களில் அங்கே களை எடுக்கப் போகும்போது அவள் செருப்பை வரப்பிலேயே கழற்றிவிடுவாள். எந்த இடம் என்று தெரியாததால், அந்த வயல் முழுவதையும் அவள் மெதுவாகவே மிதித்தாள்.